சிறுதானியம்: நகரத்து வீடுகளில் இரண்டாவது பாக்கெட் ஏன் வருவதில்லை?

கேள்வி இதுதான்: சிறுதானியம் உடம்புக்கு நல்லது என்பது சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இன்று தெரியாதவர் இல்லை. தெருமுனை மளிகைக் கடையில்கூடச் சாமையும் வரகும் கிடைக்கின்றன. பிறகும் ஏன் சில வீடுகளில் மட்டும் அது நிலைக்கிறது, பல வீடுகளில் ஒரு பாக்கெட்டோடு நின்றுவிடுகிறது?

முதல் பாக்கெட்டை வாங்குவதற்கான காரணம் வேறு, இரண்டாவதை வாங்குவதற்கான காரணம் வேறு. மருத்துவர் சொன்னது, உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ, 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி வந்த விளம்பரங்கள் எல்லாம் முதல் பாக்கெட்டுக்குப் போதும். இரண்டாவது வருமா என்பதைச் சமையலறை முடிவு செய்கிறது. எத்தனை விசில் வைத்தார்கள், மதியம் டப்பாவைத் திறந்தபோது எப்படி இருந்தது, கல் கடித்ததா, மாவு கசந்ததா, வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பவை அங்கே உள்ள காரணங்கள். விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லி மேலும் மேலும் கூட்டம் போடுவதால் இவற்றில் ஒன்றும் மாறாது என்பது என் உறுதியான கருத்து.

ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் இயங்கும் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆய்வு நிறுவனம் இந்தியாவின் 7 பெரிய நகரங்களில் சுமார் 15,500 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2021-ல் வெளியானது. சிறுதானியம் சாப்பிடத் தொடங்கியவர்களில் உடல்நலப் பிரச்சினைக்காகத் தொடங்கியவர்கள் 28 சதவீதம், எடை குறைக்க 15 சதவீதம், ருசிக்காக 14 சதவீதம். அதிகம் சாப்பிடாததற்குக் கேட்கப்பட்ட காரணங்களில் முதலிடம் “வீட்டில் சாப்பிடும் வழக்கம் இல்லை” என்பதற்கு, 40 சதவீதம். ருசி பிடிக்கவில்லை என்றவர்கள் 22 சதவீதம். இந்த எண்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு படம் கிடைக்கிறது. சிறுதானியம் வீட்டுக்குள் நோயாளியின் உணவாக நுழைகிறது. குடும்பத்தின் உணவாக நுழைவது குறைவு. நோயாளிக்கு என்று தனியாக வைக்கிற உலை எந்த வீட்டிலும் நெடுநாள் எரியாது.

மருந்தாக வருவதில் உள்ள சிக்கலை முதலில் பார்ப்போம். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் அரிசியை நிறுத்திவிட்டுச் சாமைக்கு மாறுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை. “இதுவும் சும்மாதான்” என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையிலும் வரகிலும் 66, கேழ்வரகில் 67, கம்பில் 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தட்டில் இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளும் அளவுக்கு இல்லை. நார்ச்சத்தில்தான் பெரிய இடைவெளி: அரிசியில் 3 கிராமுக்குக் கீழே, கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்கு மேல், சாமையில் 7 முதல் 8 கிராம். அந்த நார்ச்சத்து தவிட்டில் இருக்கிறது. வெள்ளையாகத் தீட்டிய சாமையை வாங்கினால், எதற்காக வாங்கினோமோ அதில் பெரும்பகுதியை மில்லிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தாலும் அது விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டி, மென்று சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாக இருக்கும். தானியத்தை மாற்றினால் மட்டும் போதும் என்று யாரோ சொல்லி, அதை நம்பி, பிறகு ஏமாந்தவர்கள் நகரத்தில் மிகப் பலர். அவர்களைத் திரும்பக் கூட்டி வருவது, புதியவரை அழைத்து வருவதைவிடக் கடினம்.

இப்போது சமையலுக்கு வருகிறேன். விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

நகரத்து வீட்டின் காலைப் பொழுது அரிசிக்கு என்று அமைந்தது. ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து, கீழே பருப்பு, மேலே அரிசி, நான்கைந்து விசில். அந்த அரிசி இருந்த இடத்தில் சாமையையோ குதிரைவாலியையோ வைத்தால் குழைந்து பசையாகிவிடும், ஏனென்றால் அவற்றுக்கு இரண்டு விசிலே போதும். ஆகவே தனிக் குக்கர், தனி அடுப்பு, தனிக் கவனம் வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற பெண்ணுக்கு அது கூடுதல் இருபது நிமிடம். சமையலுக்கு ஆள் வைத்திருக்கும் வீட்டில் அந்த அம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இல்லை. சிறுதானியம் நின்றுபோகிற வீடுகளில் இந்த இருபது நிமிடத்தை யாரும் காரணமாகச் சொல்வதில்லை. “பசங்க சாப்பிட மாட்டேங்கிறாங்க” என்றுதான் சொல்வார்கள்.

சோறாக வேகவைப்பதற்கான அளவு இது. தீட்டிய சாமை, குதிரைவாலி என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், அரை மணி ஊறல், மிதமான தீயில் இரண்டு விசில். வரகு, தினைக்கு இரண்டரைப் பங்கு. தவிடு நீக்காத ரகமானால் ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும், தண்ணீர் இன்னும் அரைப் பங்கு கூட வேண்டும். இரவே ஊறப்போட்டுவிடுவது எளிது. அடுப்பை அணைத்த பின் ஆவி தானாக அடங்கும் வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் மேலே ஈரமும் நடுவில் வேகாத பருக்கையும் இருக்கும். திறந்ததும் முள்கரண்டியால் உதிர்த்துவிட வேண்டும். கரண்டியால் கிளறினால் கட்டி விழும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் மதியச் சோற்றில் இரண்டு இடையூறுகள் மிஞ்சுகின்றன. ஒன்று, ஆறினால் விறைப்பது. அரிசிச் சோறும் ஆறினால் இறுகும், ஆனால் சிறுதானியத்தில் அந்த இறுக்கம் சீக்கிரம் வருகிறது, பருக்கை சிறியது என்பதால் உதிரியாகித் தொண்டையை அடைக்கிறது. காலை ஏழு மணிக்குக் கட்டிய டப்பாவை ஒரு மணிக்குத் திறக்கும் அலுவலகக்காரருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைப்பது அந்த விறைத்த சோறு. சூடாகச் சாப்பிட்ட அம்மாவுக்கு அது நன்றாகவே இருந்திருக்கும். அதனால் வீட்டில் ஒருவர் ஏன் மறுக்கிறார் என்பது இன்னொருவருக்குப் புரிவதே இல்லை.

இரண்டாவது, குழம்பு. ரசத்தையும் தண்ணிச் சாம்பாரையும் அரிசிச் சோறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சிறுதானியச் சோற்றில் அது வழிந்து அடியில் தங்கும். பழைய சமையலில் ஒவ்வொரு தானியத்துக்கும் அதற்கேற்ற தொடுகறி இருந்தது. கேழ்வரகுக் களிக்குக் கருவாட்டுக் குழம்பு அல்லது கீரைக் கடைசல், கம்பஞ்சோற்றுக்கு மோரும் சின்ன வெங்காயமும், சோளச்சோற்றுக்குக் கெட்டியான பருப்பு. நகரத்துக்குத் தானியம் மட்டும் வந்தது, அந்தத் துணைகள் வரவில்லை. அதனால் ஊற்றிச் சாப்பிடுவதைவிடச் சேர்த்து வேகவைப்பது நல்லது. சாம்பார் சாதமாகவோ பிசிபேளாவாகவோ பருப்போடும் காயோடும் ஒன்றாக வெந்தால் சிறுதானியம் அரிசிக்குச் சற்றும் குறையாது. டப்பாவுக்கு என்றால் தயிர் சாதம்தான் சிறந்தது: வழக்கத்தைவிட அரைப் பங்கு தண்ணீர் கூட்டிக் குழைய வேகவைத்து, சூட்டிலேயே பாலை ஊற்றி மசித்து, ஆறிய பின் ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கட்டினால் மதியம் வரை மிருதுவாக இருக்கும். புளியோதரை வைத்தால் நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும். எலுமிச்சைச் சாதம் வேண்டாம், அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக விறைக்கிறது.

சிறுதானியத்தைத் தொடர்கிற வீடுகளைக் கவனித்தால் அவர்கள் பெரும்பாலும் மதியச் சோற்றைத் தொடவே இல்லை என்பது தெரியும். காலை, இரவுப் பலகாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தோசை, பொங்கல், உப்புமா, அடை, புட்டு. இவை அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகின்றன, ஆற நேரமில்லை. கூடவே சட்னியும் சாம்பாரும் இருப்பதால் தானியத்தின் தனி வாசனை முன்னால் நிற்பதில்லை.

தோசை மாவிலிருந்து தொடங்குவதுதான் எளிது. முதல் முறை இட்லி அரிசி 2 பங்கு, சாமை அல்லது வரகு 2 பங்கு, உளுந்து 1 பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பழகிய பின் தானியம் 3 பங்கு, இட்லி அரிசி 1 பங்கு, உளுந்து 1 பங்கு என்று ஏற்றலாம். தானியமும் அரிசியும் நான்கைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்தைத் தனியாக, பொங்கப் பொங்க அரைத்துக்கொண்டு, தானியத்தை ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். நைசாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும், ஆறினால் கல்லாகும். கவனிக்க வேண்டியது புளிப்பு. சிறுதானிய மாவு அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கும். சென்னை வெயிலில் ஆறு மணி நேரம் போதும். இரவு பத்துக்கு வைத்துக் காலை எட்டுக்குப் பார்த்தால் பொங்கி வழிந்து புளித்திருக்கும். மாவு எழும்பியதும் குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்விட வேண்டும், இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். “சிறுதானிய தோசை புளிக்குது” என்று விட்டவர்கள் பலர் அரிசி மாவின் கணக்கிலேயே இதையும் வைத்தவர்கள்.

பொங்கலுக்கு தினை அல்லது வரகு ஒரு பங்கு, வறுத்த பாசிப்பருப்பு கால் பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பரிமாறும் வரை இறுகிக்கொண்டே போகும், அதனால் அரைக் கோப்பை வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு கலந்து கொடுக்க வேண்டும். உப்புமாவுக்குச் சாமையை மூன்று நிமிடம் வெறும் வாணலியில் வறுத்துக்கொண்டால் குழையாது. தண்ணீர் இரண்டரைப் பங்கு.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வேளைக்குப் பெரியவர் ஒருவருக்கு 50 முதல் 60 கிராம் உலர் தானியம் போதும். அரிசியில் 90 கிராம் சாப்பிட்டுப் பழகியவர் அதே அளவில் வரகைச் சாப்பிட்டுவிட்டு வயிறு கனக்கிறது, உப்புகிறது என்பார். நார்ச்சத்து திடீரென்று இரு மடங்குக்கு மேல் ஆனால் குடலுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் என்று தொடங்கினால் இந்தத் தொல்லை வராது. திங்கட்கிழமையிலிருந்து மூன்று வேளையும் என்று தொடங்குகிறவர்கள் அடுத்த திங்கட்கிழமைக்குள் நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது கடையில் கிடைக்கும் தானியத்தின் தரம். நகரத்தில் கேழ்வரகு ஏன் ஒருபோதும் முழுதாக மறையவில்லை, சாமையும் வரகும் குதிரைவாலியும் ஏன் ஒரு தலைமுறை காணாமல் போயின என்பதற்கு எளிய விடை உமி. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் கதிரடித்தாலே உமி இல்லாமல் வந்துவிடும். அப்படியே மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் நெல்லைப் போல இறுக்கமான உமி. ஊர்களில் அதைப் பெண்கள் உரலிலும் திருகையிலும் நீக்கினார்கள், அது முதுகு ஒடிக்கிற வேலை. நெல்லுக்கு மில் வந்தது, இவற்றுக்கு வரவில்லை. வேலை செய்த கைகள் ஓய்ந்ததும் தானியமும் போயிற்று. அந்தக் கைகள் ஓய்ந்ததில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. சிறிய பருக்கைக்கு ஏற்ற இயந்திரம் ஊருக்கு வரப் பல பத்தாண்டுகள் தாமதமானதுதான் வருத்தம். தமிழ்நாட்டில் விளைந்த சாமை மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை லாரியில் போய் உமி நீங்கித் திரும்பி வந்ததும் உண்டு.

உமியோடு இருக்கும் வரை இந்தத் தானியங்கள் பல ஆண்டுகள் கெடாது. கோவில் கோபுரக் கலசத்தில் வரகை இட்டு வைப்பது அதனால்தான். உமியை நீக்கிய நாளிலிருந்து கணக்கு மாறுகிறது. தவிட்டில் உள்ள கொழுப்பு காற்றுபட்டு நாறத் தொடங்கும், அந்துப்பூச்சி முட்டையிடும். பாக்கெட்டுக்குள் மெல்லிய நூல் போல ஒட்டிக்கொண்டு பருக்கைகள் கட்டியாக இருந்தால் அது புழுக் கூடு. மில்லில் இரண்டு மாதம், மொத்தக் கடையில் ஒரு மாதம், மளிகைக் கடை அலமாரியில் இரண்டு மாதம் கிடந்த பாக்கெட்டை வாங்கி, வீட்டில் மேலும் மூன்று மாதம் வைத்திருந்தால் புழுவைத் தவிர வேறு கிடைக்காது. இதைத் தவிர்க்க மில்காரர்கள் மொழுமொழுவென்று தீட்டிவிடுகிறார்கள். தவிடு போனால் பூச்சி குறையும், சீக்கிரம் வேகும், வெள்ளையாக அழகாகவும் இருக்கும். சத்தும் போகும். நகரத்து வாடிக்கையாளர் வெண்மையைத் தரமாக எடுத்துக்கொள்ளும் வரை இது நிற்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. நிறம் மங்கலாக, லேசான பழுப்போ பசுமையோ கலந்து இருந்தால் தவிடு இருக்கிறது. சாமைக்குச் சாம்பல் கலந்த வெளுப்பு, வரகுக்குப் பழுப்பு, தினைக்கு மஞ்சள். பாக்கெட்டில் எழுதியுள்ள தேதி பெரும்பாலும் அடைத்த நாள்தான், உமி நீக்கிய நாள் இல்லை. அதனால் திறந்ததும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பழைய எண்ணெய் வாசனை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அரைக் கிலோ, ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். வீட்டில் இடம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது.

கம்பு மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதனால் கம்பையே வெறுத்தவர்கள் ஏராளம். கம்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு உண்டு, அதைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. அரைத்த உடனே இரண்டும் கலந்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் கசப்பும் வாடையும் வரும். கடையில் ஒரு மாதத்துக்கு முன் அரைத்த மாவை வாங்கி அடை தட்டினால் கசக்காமல் என்ன செய்யும்? முழுக் கம்பாக வாங்கி, கழுவி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் மட்டும் போட்டு வடித்து, நன்கு உலர்த்தி அரைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மாவு மூன்று வாரம் தாங்கும். இந்த ஒரு வேலையைப் பாக்கெட் போடுகிறவர்கள் எல்லாரும் செய்தால் நகரத்தில் கம்பின் பெயர் மீளும்.

பிறகு கல். களத்திலும் சாலையிலும் அடித்த தானியத்தில் அதே அளவுள்ள மணல் கலந்துவிடுகிறது, அது சல்லடைக்கு அகப்படாது. அரித்துத்தான் எடுக்க வேண்டும்: அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு, சுழற்றிச் சுழற்றி, மேலே மிதந்து வரும் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பாத்திரத்துக்குச் சாய்க்க வேண்டும். கடைசியில் அடியில் தங்கும் ஒரு தேக்கரண்டி அளவைத் தூக்கிப் போட்டுவிடலாம். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். பாக்கெட் அரிசியில் வளர்ந்த தலைமுறைக்கு அரிக்கத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஒரு முறை கல் கடித்தால் குழந்தை அந்த நிறத்துச் சோற்றை வாயில் வைக்காது.

விலை பெரிய தடை என்று எல்லாரும் சொல்வார்கள். யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாமை கிலோ 120 ரூபாய், பொன்னி அரிசி 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒரு வேளைக்குச் சாமை 240 கிராம், 29 ரூபாய். அரிசி 360 கிராம், 22 ரூபாய். வேளைக்கு 7 ரூபாய் வித்தியாசம். அரிசியைக் கடையில் வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது தடையாக இருக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதை நம்பி வாழும் குடும்பத்துக்கு வித்தியாசம் 7 ரூபாய் இல்லை, முழு 29 ரூபாய். நகரத்தில் மிகப் பலருக்கு நாம் சொல்லும் எந்த அறிவுரையும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகாது. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். அது சென்னைக்கு வர வேண்டும். விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டாலே எடுப்பார்கள்.

விளைவிக்கிற பக்கமும் இதில் இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குக் கேழ்வரகு 4,886 ரூபாய், கம்பு 2,775, சாதாரண நெல் 2,369. சாமைக்கும் வரகுக்கும் குதிரைவாலிக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 100 கிலோ வரகை உமி நீக்கினால் அரிசியாகக் கிடைப்பது 60 கிலோ அளவில்தான். நகரத்தில் 120 ரூபாய் கொடுப்பவர் விவசாயிக்கு நல்ல விலை போகிறது என்று நினைக்கிறார். அதில் கணிசமான பகுதி உமியிலும் லாரியிலும் கழிகிறது.

பெரியவர்களின் மறுப்பை மரியாதையோடு புரிந்துகொள்ள வேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ தருமபுரிப் பக்கத்திலிருந்தோ நகரத்துக்கு வந்த எழுபது வயதுக்காரருக்கு நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைத்த உணவு. மற்ற நாள் எல்லாம் கம்பும் சோளமும் குதிரைவாலியும். வாழ்நாள் முழுக்க உழைத்து, தினமும் நெல்லுச்சோறு என்ற நிலைக்கு வந்தவரிடம் மருமகள் கேழ்வரகுக் களியைக் கொண்டுவந்து வைத்தால் அவர் பின்வாங்கத்தான் செய்வார். அந்த மனிதரிடம் கால்சியம் கணக்கைச் சொல்வது வீண். அவருக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டு, அதைச் செய்து கொடுப்பதே வழி. பெரும்பாலும் அது கம்பங்கூழாகவோ, வெல்லமும் தேங்காயும் போட்ட தினை மாவாகவோ இருக்கும். மறுத்தவரே பிறகு சமையலறைக்கு வந்து பக்குவம் சொல்வார்.

குழந்தைகள் வேறு. அவர்களுக்குப் பழைய நினைவு இல்லை, நிறம்தான் தடை. கறுப்பாக இருக்கும் ராகி தோசையைவிட மஞ்சளாக இருக்கும் தினைப் பொங்கலை எளிதாக எடுத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு மட்டும் எந்த வீட்டிலும் ராகி மறுக்கப்படுவதில்லை. 100 கிராமில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ள தானியம் வேறு இல்லை. அரிசியில் 10-கூட வராது. முளைகட்டி அரைத்தால் இன்னும் நல்லது: ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் ஒன்றரை நாள் விட்டு, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். முளைகட்டிய மாவில் கஞ்சி நீர்த்து வரும். அதனால் அதே கிண்ணத்தில் அதிக மாவு சேர்த்துக் கொடுக்க முடியும். இவ்வளவு நம்பி ஊட்டிய தானியத்தை, குழந்தை இட்லி சாப்பிடத் தொடங்கியதும் வீடே மறந்துவிடுவது ஏன் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

சிறுதானியப் பிஸ்கட், நூடுல்ஸ், பாஸ்தா வகைகள் பலருக்கு முதல் அறிமுகம். பாக்கெட்டின் பின்புறப் பட்டியலைப் படியுங்கள். பொருள்கள் எடை அளவின் இறங்குவரிசையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதாவோ கோதுமை மாவோ, இரண்டாவது சர்க்கரையோ என்றால் முன்பக்கத்தில் உள்ள கதிரின் படத்துக்குப் பொருள் இல்லை. 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி குறைத்தது 70 சதவீதமாவது சிறுதானியம் உள்ள மாவுக் கலவைக்குத்தான். வாங்குகிறவருக்கும் அந்த 70 நல்ல அளவுகோல்.

இரண்டு அச்சங்களுக்கு நேராக விடை சொல்ல வேண்டும். கம்பில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் சில பொருள்கள் உண்டு என்பது உண்மை. அயோடின் உப்பு சாப்பிட்டு, வாரத்தில் ஓரிரு முறை கம்பு சாப்பிடும் ஆரோக்கியமானவருக்குக் கவலை தேவையில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வரகைப் பற்றிய அச்சம் 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் வரகுப் பயிரை மேய்ந்து இறந்த செய்தியால் வந்தது. அங்கே கண்டறியப்பட்டது பயிரில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு. அறுவடையில் மழை பட்டு ஈரத்தோடு குவித்த வரகு ஆபத்தானது, நன்கு உலர்ந்த வரகு அப்படி இல்லை. பூசண வாடையோ கறுப்புப் புள்ளியோ இருக்கும் வரகைக் கழுவிச் சமைக்க நினைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஒரு நகரம் சிறுதானியத்தை விடாமல் வைத்திருக்க முடியுமா என்றால் பெங்களூரைப் பார்க்கலாம். ராகி முத்தே என்ற கேழ்வரகுக் களி உருண்டை அங்கே நோயாளியின் உணவு ஆனதில்லை. தெருவோர ஓட்டலில் மதியச் சாப்பாடாகவே கிடைக்கிறது, அதற்கு என்றே உப்புசாறும் பஸ்ஸாரும் கோழிச் சாறும் இருக்கின்றன, தென் கர்நாடகத்தில் ரேஷனிலும் ராகி உண்டு. தானியம், துணைக் குழம்பு, ஓட்டல், ரேஷன் நான்கும் சேர்ந்து நின்றன. சென்னையிலும் அப்படி ஒன்று உயிரோடு இருக்கிறது: கோடையில் சாலையோரத் தள்ளுவண்டியில் விற்கும் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும். மோர், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் கூடவே வருகின்றன. ஆட்டோ ஓட்டுநரும் அலுவலகக்காரரும் அருகருகே நின்று குடிக்கிறார்கள். யாரும் அங்கே சத்துப் பட்டியல் கேட்பதில்லை.

நகரத்தில் அடுத்த வாய்ப்பு மாவுக் கடையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இட்லி மாவைப் பாக்கெட்டில் வாங்கும் வீடுகள் ஊறவைப்பதையும் அரைப்பதையும் ஏற்கெனவே விட்டுவிட்டன. அதே கடையில் பாதிக்குப் பாதி சாமை அல்லது கம்பு கலந்த தோசை மாவு, அரைத்த தேதியும் தானியத்தின் விகிதமும் தெளிவாக எழுதி, இரண்டு நாள் காலாவதியோடு, அரிசி மாவைவிடப் பத்துப் பதினைந்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், கல்லும் புழுவும் கசப்பும் தனி உலையும் ஒரே அடியாக விலகும். சில தெருக்களில் ராகி மாவு, கம்பு மாவு என்று இது தொடங்கியும் விட்டது. உங்கள் தெருக் கடைக்காரர் அரைப்பதில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். நாலைந்து வீடு சேர்ந்து வாரத்தில் ஒரு நாள் உறுதியாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் அவர் ஒரு கிரைண்டர் அளவு போட்டுத் தருவார்; அவருக்கு ஆகும் தானியம் ஐந்து கிலோவுக்கு உள்ளேதான்.